பதினைந்து நிமிட நடையில் ஓர் ஏரி

1

போன மாதம் என் மகள் கீர்த்தனா பெங்களூரிலிருந்து வாட்ஸப்பில் ஒரு கேள்வித்தாள் அனுப்பியிருந்தாள். 'நீங்கள் எந்த வகைப் பயணி?' என்று தலைப்பு. பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு பதில்கள், ஒன்றைத் தொட்டால் அடுத்தது வரும். அவள் அலுவலகத்தில் எல்லோரும் போட்டுப் பார்த்தார்களாம். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் என்ன வருகிறதென்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டிருக்கிறாள்.

அன்று கிணறு துளைக்கும் எங்கள் ரிக் வண்டி ஒரு வால்வுக்காகக் காத்து நின்றுகொண்டிருந்தது. வேலை இல்லாத நாளில் எனக்குக் கை கால் எங்கே வைப்பதென்று தெரியாது. உட்கார்ந்து போட்டேன். புது ஊரில் எங்கே தங்குவீர்கள்? கூடாரத்தில். முன்பதிவு செய்வீர்களா? ஒருநாளும் இல்லை. பழக்கமில்லாத உணவைச் சாப்பிடுவீர்களா? கிடைத்ததைச் சாப்பிடுவேன். திட்டமில்லாமல் கிளம்பியதுண்டா? நான் திட்டத்தோடு கிளம்பியதே கிடையாது. பத்தாவது கேள்வி முடிந்ததும் மலை உச்சியில் நிற்கும் ஒரு தாடிக்காரர் படமும், 'சாகசப் பயணி' என்ற பட்டமும் வந்தன.

கீர்த்தனா உடனே கூப்பிட்டாள். "நீங்க அட்வென்ச்சரருங்கப்பா. எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்குக்கூட அது வரலை."

"அம்மாளுக்கு என்ன வந்துச்சு கண்ணு?"

"வீட்டுப் பறவைன்னு வந்துச்சுங்க. அம்மா பாத்துட்டுச் சிரிச்சுட்டு, அடுப்புல பால் இருக்குதுன்னு வெச்சுட்டாங்க."

இரண்டு பட்டமும் தப்பு. ஏன் தப்பு என்று மகளிடம் போனில் சொல்ல வாய் வரவில்லை. ஊரில் இதைப் படிக்கிற உங்களிடம் சொல்வது எளிதாக இருக்கிறது. என் மனைவி பூங்கொடி போன வருடம் இங்கே, ஆப்பிரிக்காவில் தான்சானியா நாட்டின் சிங்கிடா என்ற ஊருக்கு வந்தாள். சும்மா பார்த்துவிட்டுப் போக வரவில்லை. இனிமேல் என்னோடு இங்கேயே இருந்துவிட முடியுமா என்று பார்க்க வந்தாள். விசா மூன்று மாதத்துக்கு. முப்பத்தோராம் நாள் திரும்பிப் போய்விட்டாள்.

2

நான் திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரன். அங்கே வீட்டுக்கு ஒருவராவது ரிக்கில் இருப்பார். ரிக் என்பது போர் போடும் வண்டி. பத்தொன்பது வயதில் நானும் ஏறினேன். சத்தீஸ்கர், ஒடிசா, மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று சுற்றினேன். எந்த ஊரைச் சொன்னாலும் எனக்கு எத்தனை அடியில் தண்ணீர் வந்தது என்பதுதான் நினைவில் இருக்கும். ராய்ப்பூர் பக்கம் ஒரு ஊர், முந்நூறு அடி. ஜோத்பூர் தாண்டி ஒரு ஊர், எழுநூறு அடி, அதுவும் உப்பு. ஆக்ரா பக்கத்தில் நான்கு மாதம் இருந்தேன். உலகமே பார்க்க வருகிற அந்த வெள்ளைக் கட்டடத்தை ஒரே ஒரு தடவை லாரி மேலிருந்து பார்த்தேன். டிரைவர் கை காட்டி நான் திரும்புவதற்குள் பாதியை ஒரு தண்ணீர்த் தொட்டி மறைத்துவிட்டது. திரும்ப ஒரு நாள் போய்ப் பார்க்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பதினோரு வருடத்துக்கு முன் மூன்று பேர் பங்கு சேர்ந்து ஒரு ரிக்கைக் கப்பலில் ஏற்றி இங்கே கொண்டுவந்தோம். வண்டியோடு இருந்து பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். நான் வந்தேன். இங்கேயும் நம் சங்ககிரிப் பக்கம் போல எங்கே பார்த்தாலும் பாறைதான். கல்லும் ஒன்று, அதைத் துளைக்கும் பிட்டு தேய்வதும் ஒன்று. அதனால் வேறு நாட்டுக்கு வந்திருக்கிறோம் என்ற உணர்வே எனக்கு வரவில்லை என்று நினைக்கிறேன்.

வருடம் ஒரு தடவை ஊருக்குப் போவேன். பிள்ளைகள் இரண்டும் போனில் வளர்ந்தன. மகன் படிக்கக் கனடா போனான். நான் எது கேட்டாலும் "ம்" என்பான். அவனைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, அந்த "ம்" எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். கீர்த்தனாவும் வேலைக்குப் போன பிறகு, பூங்கொடி மட்டும் வீட்டில் தனியாக இருந்தாள். ஒருநாள் அவளாகவே, "ஏனுங்க, நான் அங்க வந்தறட்டுங்களா?" என்று கேட்டாள். இருபத்தைந்து வருடக் குடும்ப வாழ்க்கையில் அவள் என்னிடம் கேட்ட பெரிய கேள்வி அதுதான். வா என்றேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

3

பூங்கொடி ஓமலூரில் பிறந்து திருச்செங்கோட்டில் வாழ்க்கைப்பட்டவள். தெற்கே பழனி, வடக்கே திருப்பதி, அதைத் தாண்டிப் போனதில்லை. மும்பையில் விமானம் மாறி வருவாளா என்று விமான நிலையத்தில் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் என்னவோ விருந்துக்கு வந்த மாதிரி சிரித்துக்கொண்டு வெளியே வந்தாள். விமானத்தில் கொடுத்த படிவத்தைப் பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் கொடுத்து எழுதி வாங்கியிருக்கிறாள்.

"வந்ததுக்குக் காரணம் என்னன்னு ஒரு கட்டம் இருந்துச்சுங்க. டூரிஸ்டான்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு. ஆமான்னுட்டேன். வேற என்னத்தச் சொல்றது?" என்றாள்.

தார் எஸ் சலாமிலிருந்து சிங்கிடாவுக்குப் பேருந்தில் ஒரு பகல் முழுக்க ஆகும். நான் ஏறியதும் தூங்கிவிட்டேன். எனக்கு வண்டி என்றால் தூங்குவதற்கு. அவள் என்னை நான்கு தடவை எழுப்பினாள்.

"ஏனுங்க, அங்க பாருங்க. அதென்ன மரமுங்க, புள்ளத்தாச்சியாட்டம் நிக்குது?"

அடிமரம் பெருத்த அந்த மரங்கள் வழியெல்லாம் நிற்கும். பதினோரு வருடமாக அந்தப் பாதையில் போய் வருகிறேன். பேர் தெரியாது என்றேன். அவள் முன் இருக்கைக்காரரிடம் சைகையில் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

எங்கள் வாடகை வீட்டிலிருந்து பதினைந்து நிமிடம் நடந்தால் ஓர் ஏரி இருக்கிறது. நான் அதுவரை போனதில்லை. ஏரியில் போர் போட யாரும் கூப்பிட மாட்டார்கள் அல்லவா. வந்த இரண்டாம் நாள் மாடியிலிருந்து தண்ணீர் மின்னுவதைப் பார்த்துவிட்டு, "அந்த ஏரிக்குப் போலாமுங்களா?" என்றாள். நாளைக்குப் போகலாம் என்றேன்.

அதே வாரத்தில் அவள் நிரந்தரமாகத் தங்குவதற்கு விண்ணப்பம் கொடுத்தேன். வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு இந்த அலுவலகங்களைப் பற்றி விளக்க வேண்டியதில்லை, ஊரில் இருக்கிற உங்களுக்கும் விளக்க வேண்டியதில்லை. கல்யாணச் சான்றிதழ் தமிழில் இருந்தது, அதை ஆங்கிலத்தில் கேட்டார்கள். ஆங்கிலத்தில் கொடுத்தால் முத்திரை கேட்டார்கள். முத்திரையோடு போனால் கையெழுத்துப் போடுகிறவர் இல்லை. ஒவ்வொரு தடவையும் ஒரே பதில், 'கேஷோ'. கேஷோ என்றால் நாளைக்கு. வீட்டுக்கு வந்து பூங்கொடியிடம் சொன்னேன்: "இந்த ஒரு வார்த்தையக் கத்துக்க. இந்த ஊர்ல காலத்த ஓட்டிரலாம்."

அவள் கற்றுக்கொண்டாள். நான் பாயிண்ட்டிலிருந்து, அதாவது போர் போடும் இடத்திலிருந்து, நான்கைந்து நாளைக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வருவேன். வந்தவுடன் ஏரியைக் கேட்பாள். நான் களைப்பில், "நாளைக்கு" என்பேன். "கேஷோங்களா?" என்று சிரிப்பாள். முதலில் நானும் சேர்ந்து சிரித்தேன்.

பத்து நாள் போல ஆனதும் அவள் தனியாகவே ஏரிக்குப் போக ஆரம்பித்திருக்கிறாள். அங்கே கரையில் மக்காச்சோளம் சுட்டு விற்கும் நீமா என்ற பெண்ணோடு பழகிவிட்டாள். இங்கே பெண்களை மரியாதையாகக் கூப்பிட 'மாமா' என்பார்கள். "என்னையப் போயி மாமாங்கறாங்க. அப்ப உங்கள நான் என்னன்னு கூப்பிடறது?" என்று அதற்கு ஒரு நாள் பூராவும் சிரித்தாள். நீமாவிடம் வார்த்தை வார்த்தையாகப் பேசக் கற்றுக்கொண்டாள். உப்பு, மிளகாய், எலுமிச்சை, தங்கச்சி, மழை வரும் என்று. பதினோரு வருடத்தில் எனக்குக் கேட்டால் புரியும், வாயில் வருவது டீசல், ராடு, அடி, நிறுத்து, இன்னும் போடு.

"ஏரியில பறவைங்க நிக்குதுங்க, பூநாரையாம், கீர்த்தனா போன்ல பாத்துச் சொன்னா. காலைல வெள்ளையாத்தான் தெரியுது. பொழுது சாயறப்ப ரோஸ் கலராயிருது. நீங்க பாத்திருக்கறீங்களா?"

"ம்" என்றேன். பார்த்ததில்லை. அப்போது ஒரு கம்ப்ரசர் கணக்கில் மூழ்கியிருந்தேன்.

4

அவளைத் தனியாக விட்டுவிட்டோம் என்ற குற்ற உணர்வு எனக்கு இல்லாமல் இல்லை. அதற்காகத்தான் சிங்கம் பார்க்கக் கூட்டிப் போவதென்று முடிவு செய்தேன். வடக்கே அரை நாள் பயணத்தில் ஒரு பெரிய பள்ளத்தாக்குக் காடு இருக்கிறது. யானை, சிங்கம், வரிக்குதிரை எல்லாம் வண்டியில் இருந்தபடியே பார்க்கலாம். மூன்று நாள் விடுப்பு. பூங்கொடி ஊரிலிருந்து கொண்டுவந்த பச்சைச் சேலையை எடுத்துக் கட்டினாள். சிங்கத்துக்குப் பச்சை பிடிக்குமா என்று கேட்டேன். "சிங்கத்துக்குப் புடிச்சா என்ன, புடிக்காட்டி என்ன. எனக்குப் புடிச்சிருக்குது" என்றாள். வாடகைக்கு எடுத்த வண்டிக்கு முன்னால் சூடம் காட்டி ஒரு தேங்காய் உடைத்தாள். இரண்டு வாங்கியதில் ஒன்று மிச்சம். அதை வண்டியில் வைத்தாள். எல்லாம் அந்தத் தேங்காயால் வந்தது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு ஆசைதான்.

பாதி வழியில் ஒரு சின்ன விடுதியில் டீ குடிக்க நிறுத்தினோம். கை கழுவக் குழாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. விடுதிக்காரர் ஒரு பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்தார். தண்ணீர் டாங்கர் நான்கு நாளாக வரவில்லையாம். போர் போடுவதற்கு அனுமதிக் காகிதமெல்லாம் வாங்கி வைத்திருக்கிறார், வருவதாகச் சொன்ன ஆள் வரவில்லை. எங்கள் ரிக் அங்கிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில், ஒரு பாயிண்ட்டை முடித்துவிட்டுச் சும்மா நின்றிருந்தது. ரிக்காரனுக்கு, நிற்கிற ரிக்கை நினைத்தால் டீ இறங்காது. எங்கள் தொழிலில் அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள். வண்டி நின்றால் ஆள் நோயாளி ஆகிவிடுவான்.

தேங்காயை எடுத்துக்கொண்டு இறங்கினேன். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்து நடந்தால், நீரோட்டம் இருக்கும் இடத்தில் அது எழுந்து நிற்கும். படித்தவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், எனக்கும் அதை நிரூபிக்கத் தெரியாது. ஆனால் என் கைக்கு வரும்.

பூங்கொடி வண்டிக்குள் இருந்து எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, நாம சிங்கம் பாக்கப் போறமா, ஊத்துப் பாக்கப் போறமா?"

"ஒரு மணி நேரந்தான் புள்ள."

விடுதிக்குப் பின்னால் ஒரு முள்மரத்துக்குப் பக்கத்தில் தேங்காய் எழுந்து நின்றது. நான் போன் போட்டேன். பிற்பகலில் ரிக் வந்து சேர்ந்தது. நூறு அடியில் புழுதி. இருநூறு அடியில் புழுதி. முந்நூறில் துளைக்கும் ராடு உள்ளே சிக்கிக்கொண்டது. அதை வெளியே எடுக்க அடுத்த நாள் போயிற்று. நான் சாப்பிட்டேனா, அவள் சாப்பிட்டாளா என்று இப்போது எனக்கு நினைவில்லை. மூன்றாம் நாள் பகல் பதினோரு மணிக்கு நானூற்று இருபது அடியில் தண்ணீர் பீறிட்டது. விடுதி ஆட்கள் அதில் நனைந்து ஆடினார்கள். விடுதிக்காரர் என்னைக் கட்டிப்பிடித்தார். நான் தலை முதல் கால்வரை நனைந்தபடி, இதைப் பூங்கொடி பார்க்க வேண்டும் என்று அவளைத் தேடினேன்.

அவள் நாங்கள் வந்த வண்டியின் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். மூன்று நாளும் அதே பச்சைச் சேலை. மேலெல்லாம் கல்மாவு படிந்து வெள்ளையாக இருந்தது. புருவம்கூட வெள்ளை. ஒரு நிமிடம் எனக்கு அவளுடைய வயதான முகத்தைப் பார்த்தது போல இருந்தது.

"தண்ணி வந்துருச்சு" என்றேன்.

"பாத்தேனுங்க." சேலையைத் தட்டிக்கொண்டாள். "இதைப் பாக்கவா நான் இத்தன தூரம் வந்தேன்? இது நம்ம ஊர்ல தெருவுக்கு ஒண்ணு நிக்குது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் அதைக் கேலி என்று எடுத்துக்கொண்டேன். மூன்று நாள் விடுப்பு முடிந்திருந்தது, ரிக்குக்கு அடுத்த பாயிண்ட் காத்திருந்தது. வந்த வழியே திரும்பினோம். வழியில் வரிக்குதிரைகள் சில சாலையைக் கடந்தன. எழுப்பிக் காட்டலாம் என்று திரும்பிப் பார்த்தேன். அவள் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். வண்டியில் அவள் தூங்கி நான் பார்த்தது அன்றுதான். எழுப்பவில்லை.

5

திங்கட்கிழமை காலை அலுவலகத்துக்குப் போனேன். அன்றைக்கு மட்டும் அவர்கள் கேஷோ என்று சொல்லவில்லை. கையெழுத்துப் போடுகிறவர் வந்திருக்கிறார், மனைவியை அழைத்து வாருங்கள், இன்றே முடித்துவிடலாம் என்றார்கள். எனக்கு நம்ப முடியவில்லை. பாதி ஓட்டமும் பாதி நடையுமாக வீட்டுக்கு வந்தேன்.

பூங்கொடி கட்டிலில் துணிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். பெட்டி திறந்திருந்தது. கீர்த்தனா டிக்கெட்டை முன்னால் மாற்றிக் கொடுத்துவிட்டாளாம். நாளை மறுநாள் விமானம்.

"சிங்கத்துக்காகவா?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பதென்று தெரியவில்லை.

"அட, சிங்கத்த டிவியில பாத்துக்கலாமுங்க." மடித்த சேலையைப் பெட்டியில் வைத்தாள். "கோவமெல்லாம் இல்லீங்க. அங்க ஊட்டுல தனியா இருந்தா, கதவத் தொறந்தா அக்கம்பக்கம் இருக்குது. இங்க வந்தும் தனியாத்தான் இருக்கோணும்னா, அதுக்கு எதுக்குங்க இத்தன தூரம்?"

இனிமேல் அப்படி இருக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் நம்பியிருப்பாளோ என்னவோ. நான் சொன்னது, "பர்மிட்டு இன்னைக்கு ரெடியாயிருச்சு" என்பதுதான்.

"அப்படிங்களா" என்றாள். மேசையில் இருந்த என் சட்டையை எடுத்து மடித்து என் அலமாரியில் வைத்தாள்.

பர்மிட்டுக்காக அவளை வைத்து எடுத்த பாஸ்போர்ட் அளவு போட்டோக்களில் மூன்று இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. பேனா தேடும்போதெல்லாம் கையில் அகப்படும். கண்ணை அகலத் திறந்து, கேமராவுக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று பார்க்கிற மாதிரி நிற்பாள்.

அதற்குப் பிறகு தினமும் பேசுகிறோம். சாப்பிட்டாச்சா, மழை உண்டா, மோட்டார் ஓடுகிறதா. சண்டை ஒன்றும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த வீடு எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரிந்துபோனது. இரண்டே அறைதான், நடக்க நடக்கத் தீரவில்லை. முன்பு பத்து வருடம் இதே வீட்டில் தனியாக இருந்தேன், ஒன்றும் தெரியவில்லை. முப்பது நாள் ஒருத்தி வந்து இருந்துவிட்டுப் போனதால் வந்த வினை.

6

ஆக, கீர்த்தனாவின் கேள்வித்தாள். கூடாரத்தில் படுத்தவனெல்லாம் சாகசப் பயணி இல்லை கண்ணு. ஊர் ஊராகப் போனது ரிக். அதில் ராடு, பிட்டு, கம்ப்ரசர் மாதிரி நானும் ஓர் உருப்படியாக ஏறிப் போய் இறங்கினேன். முப்பத்தொரு நாளில் ஒரு ஊரைத் தெரிந்துகொண்டு போன உன் அம்மாவைத்தான் அந்த மலையுச்சிப் படத்தில் போட்டிருக்க வேண்டும். இதைக் கீர்த்தனாவிடம் சொல்லவில்லை. மகளிடம் ஒத்துக்கொள்கிற துணிச்சல் எனக்கு எழுத்தில்தான் வருகிறது.

பட்டம் வந்த அன்று வால்வு வந்து சேரவில்லை. நான்கரை மணிக்குச் செருப்பைப் போட்டுக்கொண்டு ஏரிக்கு நடந்தேன். பதினைந்து நிமிடம்கூட ஆகவில்லை. பன்னிரண்டு நிமிடம்தான்.

கரையில் நின்று பூங்கொடியைக் கூப்பிட்டேன். ஊரில் அப்போது விளக்கு வைத்து முடித்திருப்பாள்.

"ஏனுங்க, இந்நேரத்துல? ஒடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"ஏரிக்கு வந்திருக்கறேன்."

"எந்த ஏரிக்குங்க?"

"நீ தினம் போவியே, அது."

பிறகு கேட்டாள்: "பாயிண்ட்டுங்களா?"

"இல்ல புள்ள. சும்மாதான்."

"சும்மாவா" என்றாள். அப்புறம் அவள் குரல் வேறு மாதிரி வந்தது, அடுப்படியில் எந்த டப்பாவில் என்ன இருக்கிறதென்று சொல்கிற குரல். "அங்கயே நிக்காதீங்க, வெயிலு மூஞ்சியில அடிக்கும். வலது கைப்பக்கமாப் போங்க. ஒரு பாறை படுத்த எருமையாட்டம் இருக்குதா? அதுக்குக் கெழக்கால நெழலு உழுகும். முன்னால ஒரு சின்னக் கல்லு கெடக்கும். அதுல ஒக்காருங்க. நான் அதுலதான் ஒக்காருவேன்."

எருமைப் பாறை இருந்தது. நிழல் இருந்தது. சின்னக் கல் இருந்தது. பதினோரு வருடமாக நான் குடியிருக்கும் ஊரில், எங்கே உட்கார வேண்டும் என்று ஐயாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து அவள் சொல்லித்தான் உட்கார்ந்தேன். தண்ணீரில் பூநாரைகள் நின்றன. அவள் சொன்னது சரிதான். வெயில் இறங்க இறங்க நிறம் ஏறியது. எத்தனை நேரம் பார்த்தேன் என்று தெரியாது. அவளும் போனை வைக்காமல் இருந்தாள். எனக்கு அழுகை வந்தது, அது அவளுக்குக் கேட்டிருக்கும். கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"நீமா இருக்கறாளான்னு பாருங்க. பாறைக்கு அந்தால அடுப்பு வெச்சிருப்பா."

இருந்தாள். கரி அடுப்பில் சோளக்கதிர்களைத் திருப்பிக்கொண்டிருந்த தடித்த பெண், நாற்பது வயதிருக்கும். இந்த ஊரில் இந்திய முகங்கள் குறைவு. என்னைப் பார்த்ததும், மாமா பூங்கொடியின் வீட்டுக்காரரா என்றாள். ஆமாம் என்றேன். எங்கே அவள், எப்போது வருவாள் என்றாள். அலுவலகங்களில் எத்தனையோ கேள்விகளுக்கு வரிசையில் நின்று பதில் சொன்னவன், அங்கே கையிலிருந்த போனைக் காட்டினேன்.

"யாருங்க, நீமாவா?" போனுக்குள்ளிருந்து பூங்கொடி கேட்டாள். "ஸ்பீக்கர்ல போடுங்க."

போட்டேன். இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். நான் போனை அடுப்புக்கும் நீமாவுக்கும் நடுவில் நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். மகளுக்குக் குழந்தை பிறந்துவிட்டதா என்று பூங்கொடி கேட்டாள். பிறந்துவிட்டது, பையன் என்றாள் நீமா. மழை, மிளகாய், முழங்கால் வலி. ஒரு வருடத்துக்குப் பிறகும் பூங்கொடிக்கு வார்த்தைகள் மறக்கவில்லை. என்னைப் பற்றி ஒரு வார்த்தைகூட வரவில்லை. பூங்கொடி அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டு எத்தனையோ காலம் ஆகிறது.

பிறகு நீமா என்னிடம் கேட்டதை அவளிடமே கேட்டாள். நீ எப்போது வருவாய்?

நான் போனைக் கொஞ்சம் கிட்டே இழுத்துக்கொண்டேன்.

"கேஷோ" என்றாள் பூங்கொடி.

நீமா தொடையில் தட்டிச் சிரித்தாள். போனுக்குள் அவளும் சிரித்தாள். இந்த ஊர் மொழியில் அவள் கற்றுக்கொண்ட முதல் வார்த்தை அது. சொல்லிக்கொடுத்தவன் நான்தான்.